40 பிரசவங்களா, 10 தாய்மார்களா? மருத்துவச்சி மாணவிகளுக்கான இரண்டு பயிற்சி வழிகள்

மருத்துவச்சி மாணவியைக் களப்பயிற்சிக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடத்தோடு சேர்ப்பது: ஒரு மாதம் கர்ப்பகாலப் பரிசோதனைப் பிரிவு, அடுத்த மாதம் பிரசவ அறை, அதன் பிறகு தாயும் சேயும் இருக்கும் வார்டு. மற்றது, ஆளோடு சேர்ப்பது: ஒரு கர்ப்பிணியின் சம்மதத்தோடு ஆரம்ப மாதங்களிலேயே அவருடன் இணைந்து, பரிசோதனை, பிரசவம், பாலூட்டல் என்று குழந்தைக்குச் சில வாரங்கள் ஆகும்வரை கூடவே செல்வது. மாணவிகளுக்குப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் மனம் இரண்டாவது வழியின் பக்கம்தான். ஆனாலும் முதல் வழியை ஒதுக்கித் தள்ள முடியாது.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். பிரசவம் பார்ப்பதும் அப்படித்தான். வெளிவரும் தலையை எவ்வளவு மெல்லத் தாங்குவது, நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டதை எப்படி அறிவது என்பதெல்லாம் பலமுறை செய்த பிறகே கைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு உத்தரவு, மாணவி குறைந்தது 40 பிரசவங்களைத் தானே பார்த்திருக்க வேண்டும் என்கிறது. போதிய பிரசவங்கள் கிடைக்காத இடங்களில் 30 போதும். ஆனால் மேலும் 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். இவற்றோடு 100 கர்ப்பகாலப் பரிசோதனைகளும் உண்டு. வார்டு முறை இந்த எண்ணிக்கையை எளிதாக எட்டவைக்கிறது. ஷிப்ட் நேரம் முன்பே தெரியும், மேற்பார்வைக்கு ஆள் இருப்பார், வீட்டுக்கும் நேரத்துக்குப் போகலாம்.

இழப்பது என்ன? மாணவி உள்ளே வரும்போது அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. எட்டு ஆகும்போது ஷிப்ட் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் எதற்குப் பயந்தார், முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது, மறுநாள் குழந்தை பால் குடித்ததா என்பதெல்லாம் மாணவிக்குத் தெரியாது. அவளுடைய பதிவேட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான்.

தொடர்ந்து செல்லும்போது கிடைப்பதை ஓர் அளவு நாடா எனக்குக் காட்டியது. கர்ப்பப்பை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்கும்போது, எண்கள் இருக்கும் பக்கத்தை வயிற்றின் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்வோம். எதிர்பார்த்த எண்ணைக் கண் தேடிவிடக் கூடாது. என் மாணவி ஒருத்தி ஒரே பெண்ணை 28ஆம் வாரத்தில் அளந்தாள், 29 செ.மீ. 31ஆம் வாரத்தில் 32. மூன்றாவது முறை, 34ஆம் வாரத்தில், நாடாவைத் திருப்பிப் பார்த்தாள்: மறுபடியும் 32. மறுபடி வைத்து அளந்தாள், அதே எண். அன்று முதன்முறையாகப் பார்ப்பவருக்கு 34 வாரத்தில் 32 செ.மீ. என்பது கவலைப்படும் அளவே அல்ல. முந்தைய எண்களை அட்டையில் பார்த்தாலும், வேறு யாரோ அளந்தது, கைக்குக் கை மாறும் என்று விட்டுவிடலாம். மூன்றையும் அளந்தது தன் கைதான் என்பதால் அவளால் அப்படி விட முடியவில்லை. என்னிடம் வந்து சொன்னாள். ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி மட்டுப்பட்டிருந்தது தெரிந்தது. வளர்ச்சி என்ற சொல்லின் பொருளை அவளுக்கு எந்தப் பாடத்தாலும் இப்படிக் கற்பித்திருக்க முடியாது.

ஆனால் இந்த வழி மாணவியிடம் கேட்கும் விலை பெரிது. ஆஸ்திரேலியாவில் முன்பு 20 பெண்களைத் தொடர வேண்டியிருந்தது. மருத்துவச்சிப் படிப்புக்கான 2014 தரவிதிகளில் அது 10 ஆகக் குறைந்தது. ஒவ்வொருவருடனும் பிரசவத்துக்கு முன் குறைந்தது 4 சந்திப்புகள், பின் 2. பெரும்பாலானவர்களின் பிரசவத்திலும் உடனிருக்க வேண்டும். பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. தேதி நெருங்கினால் தலைமாட்டில் போன், காலையில் தேர்வு, வீட்டில் சிறு குழந்தை. இதில் சோர்ந்துபோன மாணவிகளை நான் குறை சொல்லமாட்டேன்.

எல்லைகளையும் முன்பே பேசிவிட வேண்டும். நள்ளிரவில் அந்தப் பெண், "லேசாக ரத்தம் படுகிறது, பரவாயில்லையா?" என்று மாணவிக்குச் செய்தி அனுப்புவார். மாணவி மீது அவ்வளவு நம்பிக்கை. அதற்கு மாணவி தானாகப் பதில் சொல்லக் கூடாது. உடனே மருத்துவமனையை அழைக்கச் சொல்ல வேண்டும். போனைப் பார்க்காமல் தூங்கிவிட்டால்? அதனால், அவசரம் என்றால் முதல் அழைப்பு எப்போதும் மருத்துவமனைக்குத்தான் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதில் இன்னொரு வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை. பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவச்சி, தொடர்ந்து வருவது மாணவி மட்டும் என்றால், அந்தப் பெண்ணுக்கு மிகவும் தெரிந்தவருக்கே எந்த முடிவும் எடுக்க அதிகாரம் இல்லை. அந்தப் பெண்ணை முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஒரே மருத்துவச்சியோடு மாணவியையும் இணைத்தால் இந்தச் சிக்கல் தீரும். மருத்துவச்சிகள் வழிநடத்தும் தொடர் பராமரிப்பைப் பற்றி 2016இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, 15 ஆய்வுகளில் 17,674 பெண்களின் தரவுகளைத் திரட்டியது. வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியும், கருவி கொண்டு குழந்தையை எடுக்கும் ஆயுதப் பிரசவமும் இந்தத் தொடர் பராமரிப்பைப் பெற்றவர்களிடையே குறைவாக இருந்தன. அது தேர்ச்சி பெற்ற மருத்துவச்சிகளின் பராமரிப்பைப் பற்றிய சான்று. மாணவி தனியாகத் தொடர்வதற்கு அதையே ஆதாரமாகக் காட்டக் கூடாது.

தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்வது போன்ற ஆபத்துகளுக்கு எந்த வழியும் போதாது. 10 பெண்களில் அதைப் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு, 40இலும் உறுதியில்லை. அதற்கு பொம்மையை வைத்து மீண்டும் மீண்டும் பழகியே ஆக வேண்டும்.

இரண்டையும் சேர்த்துத்தான் நான் பரிந்துரைப்பேன்: கைப்பழக்கத்துக்கு வார்டு, அதோடு முழுமையாகத் தொடரும் சில பெண்கள். ஆஸ்திரேலியாவே 10 பெண்களோடு 30 பிரசவங்களையும் கேட்கிறது. எத்தனை பேர் என்பதைவிட அதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். படிப்பில் சேரும் முன் கல்லூரியில் கேளுங்கள்: இரவுப் பிரசவத்துக்குப் போய் வந்தால் மறுநாள் வகுப்பிலிருந்து விலக்கு உண்டா? அந்த மணிநேரங்கள் களப்பயிற்சிக் கணக்கில் சேருமா? அதிகாலை மூன்று மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த ஆசிரியை போனை எடுப்பார்?