எச்சரிக்கை: கோடை விழாக் கடைக்கு 38,500 ரூபாய் வாங்கினார்கள், ஒரு கம்புகூட ஊன்றவில்லை

மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டியில் கடை போடலாம் என்று நினைக்கிற மகளிர் குழுக்கள், வீட்டில் சாக்லேட், ஜாம், தைலம் செய்து விற்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு அடுத்தவருக்கும் அனுப்புங்கள். எங்கள் குழுவில் 11 பேர். தலைக்கு 3,500 போட்டு 38,500 ரூபாய் கட்டினோம். போன வெள்ளிக்கிழமை காலை கார்டன் ரோட்டில் போய் நின்றால் அங்கே ஒன்றுமே இல்லை. இன்று புதன். ஒரு ரூபாய் திரும்பவில்லை. எதையெல்லாம் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் முழுதாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொருட்காட்சி, திருவிழா, கண்காட்சி எங்கே நடந்தாலும் கடை இடம் பட்டியல் போடுகிற ஒரு இணையதளம். பெயர் இங்கே வேண்டாம், புகார் போயிருக்கிறது. அதில் ஊட்டி என்று தேடினால் முதலில் வந்தது இது: மலர்க் கண்காட்சி நாட்களை ஒட்டி மூன்று நாள் தெருக் கொண்டாட்டம், மாலை 4 முதல் இரவு 10 வரை, அலங்கார வண்டி ஊர்வலம், பேண்டு, 60 கடைகள். சென்னையிலும் கோவையிலும் ஞாயிற்றுக்கிழமை காலை சாலையை மூடிவிட்டு ஆட்டம் பாட்டம் நடத்துகிறார்களே, அதே மாதிரி மலைமேல் என்று போட்டிருந்தது. நடத்துபவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை முத்திரை.

மலர்க் கண்காட்சி 1896-லிருந்து நடக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு அந்த நாட்களில் வருகிற கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்த நடத்துபவன் எங்களிடம் விற்றது அந்தக் கூட்டத்தைத்தான்.

கட்டணக் கணக்கு இப்படி: கடை இடம் நாளுக்கு 9,000 வீதம் மூன்று நாளுக்கு 27,000. கரண்ட் 3,500. குப்பை, துப்புரவு 3,000. திருப்பித் தருகிற வைப்புத் தொகை 5,000. மொத்தம் 38,500. இதில் 5,000 தளத்தின் வழியாக, இடத்தைப் பிடித்து வைக்க. மீதி 33,500 விழாவுக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, நேரடியாக அவன் அனுப்பிய க்யூஆர் அட்டைக்கு. தளத்தில் கட்டினால் 12 சதவீதம் கமிஷன் ஏறும், எதுக்கு வீணா என்றான். பெரிய தொகையைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளி வைத்ததிலேயே சூது இருந்திருக்கிறது. அதற்குள் நாம் சரக்குப் போட்டு முடித்திருப்போம், பின்வாங்க மனசு வராது.

நம்பியது எப்போது என்று கேட்டால், அந்த வரைபடம் வந்தபோது. கார்டன் ரோட்டை அளந்து கோடு போட்டு, 10-க்கு 10 அடிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். ஜெனரேட்டர் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, நடமாடும் கழிப்பறை எங்கே என்று தனித்தனிக் குறி. நாங்கள் கேட்டது மேற்கு பார்த்த கடை, நுழைவுக்குப் பக்கம். அவன் சொன்னான்: "வேண்டாங்கக்கா. அங்க மதியத்துக்கு மேல வெயில் நேரா அடிக்கும், உங்க சாக்லேட் வேர்த்துப்போயிடும். சி-14 எடுத்துக்கங்க. சில்வர் ஓக் நிழல் இருக்கு, ஜெனரேட்டர் புகையும் வராது." இந்த வார்த்தையை வெறும் ஏமாற்றுக்காரன் சொல்ல மாட்டான் என்று நினைத்தோம். தொழில் தெரிந்தவன் சொல்கிற வார்த்தை அது. அதைக் கேட்டுத்தான் அன்று மாலையே பணம் போட்டோம். சாக்லேட் வெயிலில் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருத்தன், எங்கள் பொருள் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்திருக்கிறான். அதுதான் ஆறவில்லை.

இப்போது எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காகிதத்திலும் பொய் பளிச்சென்று தெரிகிறது. கடைக்காரர்களுக்கான விதிமுறை என்று இரண்டு பக்கம் அனுப்பினான். அதில் ஆறாவது விதி: ஒவ்வொரு கடையும் வாடிக்கையாளருக்குத் தேவையான சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் கேரி பேக்குகளையும் தாமே கொண்டுவர வேண்டும். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. பிளாஸ்டிக் பை, கப், ஸ்ட்ரா எதுவும் ஆகாது. சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். இங்கே நிஜமாக விழா நடத்துகிற எவரும் விதிமுறையின் முதல் வரியில் எழுதுவது பிளாஸ்டிக் தடையைத்தான். இது எங்கோ சமவெளி நகரத்தில் நடந்த விழாவின் தாளில் ஊர் பெயரை மட்டும் மாற்றி அடித்தது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த 11 பேர் படித்தோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அடுத்தது கரண்ட். 3,500 ரூபாய்க்கு 5 ஆம்பியர் பிளக் ஒன்று என்று போட்டிருந்தது. தேநீர் ருசி காட்ட 2,000 வாட் கெட்டில் வைப்போம் என்று முன்னாடியே சொல்லியிருந்தோம். 2,000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 15 ஆம்பியர் பிளக் இல்லாமல் முடியாது. "பார்த்துக்கலாங்கக்கா" என்றான். 60 கடைக்கு இணைப்புக் கொடுக்கிறவன் ஒவ்வொரு கடையும் எவ்வளவு இழுக்கும் என்று எழுதி வாங்காமல் இருக்கவே மாட்டான். வாங்கினால்தான் எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் (எத்தனை கே.வி.ஏ. திறன்) வேண்டும் என்று கணக்குப் போட முடியும். அவன் கேட்கவே இல்லை. ஜெனரேட்டர் வரப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ரசீதைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் என்று போட்டிருந்ததை எண்ணினால் 14 எழுத்து. உண்மையான எண் 15 எழுத்து: முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்தும் பான் எண். எங்கள் ரசீதில் வரி எவ்வளவு என்று தனியாகக் காட்டவும் இல்லை, 'வரி உட்பட' என்று ஒரே வரி. க்யூஆரை ஸ்கேன் செய்தபோது திரையில் வந்தது விழாக் குழுவின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு "அக்கவுண்டன்ட் நம்பர்க்கா" என்றான். அந்த ஒரு நொடியில் நிறுத்தியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, சாலை. நகரத்தில் ஞாயிறு காலை நாலு மணி நேரம் சாலையை மூடுகிறார்கள் என்றால் அந்த நேரம் வண்டி குறைவு, பக்கத்தில் மாற்றுச் சாலை இருக்கிறது. ஊட்டியில் மே மாதம் வெள்ளி, சனி, ஞாயிறு மாலை கார்டன் ரோட்டை மூடினால் வண்டி எங்கே போகும்? 2025 சீசனில் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர வாங்க வேண்டிய இ-பாஸின் வரம்பே வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கி ஒருவழியாக்கினாலும் ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் வண்டி நகராது. அந்த நெரிசலில் மூன்று மாலை சாலையை மூட போலீஸ் ஒப்புக்கொள்ளுமா என்று யோசித்திருந்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். சாக்லேட் 40 கிலோ, மரத்தக்காளி ஜாம் 120 பாட்டில், தேயிலைத்தூள், தைலம். சாலையில் கயிறு இல்லை, கம்பு இல்லை, மணல் மூட்டை இல்லை. தார்ச்சாலையில் குழி தோண்ட முடியாது. 10-க்கு 10 கூடாரத்துக்கு ஒவ்வொரு காலிலும் 20, 25 கிலோ எடை கட்டினால்தான் மே மாத மழைக் காற்றுக்கு நிற்கும். அப்படி 60 கூடாரம் என்றால் முந்தின நாள் மாலையிலேயே லாரி லாரியாக மூட்டை இறங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் ஊட்டியில் இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தரைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தால் 33,500-ஐ அன்றைக்கே துரத்தியிருக்கலாம்.

போன் எடுத்தான். எடுத்தான் என்பதுதான் கொடுமை. காலை ஆறரைக்கு: "பந்தல் வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கலைக்கா, பத்து மணிக்குள்ள வந்துடும்." நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு இ-பாஸே தேவையில்லை, ஊட்டியில் பந்தல்காரர்களுக்கா பஞ்சம்? பதினொரு மணிக்கு: "மழை வரும்னு தேதிய மாத்திட்டோம், மெயில் பாக்கலையா?" மெயில் எதுவும் வரவில்லை. மதியம் இரண்டரைக்கு: "ரீஃபண்ட் போட்டாச்சுக்கா, ஏழு வேலை நாள்ல வந்துடும். நீங்க ரொம்ப டென்ஷன் ஆகுறீங்க." சனிக்கிழமை முதல் மணி மட்டும் அடித்தது. திங்கள் முதல் அதுவும் இல்லை.

தளத்தின் உதவி எண்ணில் இருந்தவர் தன்மையாகப் பேசினார். தன்மையாகவே கைகழுவினார். "நாங்க இடத்த லிஸ்ட் மட்டும்தான் பண்றோம் மேடம். வெளிய கட்டின பணத்துக்கு நாங்க பொறுப்பு இல்ல." சரி, உள்ளே கட்டிய 5,000? அது நடத்துபவருக்குப் போய்விட்டதாம், அவர் ஒப்புக்கொண்டால்தான் திரும்புமாம். அந்தப் பச்சை முத்திரை எதற்கு என்று கேட்டோம். மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்த்தார்களாம். அவ்வளவுதான் சரிபார்ப்பு. புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருந்தது.

அந்த 'ஏழு வேலை நாள்' பேச்சை நன்றாகக் கவனியுங்கள். யுபிஐ-யில் போன பணம் வாங்கியவன் கணக்கில் இருக்கிற வரைக்கும்தான் முடக்கி வைக்க முடியும். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே சொன்னால் வங்கிக்குத் தகவல் போய்ப் பிடித்து வைக்கிற வாய்ப்பு இருக்கிறது. அவன் எடுத்து வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் பின்னால் ஓட வேண்டியதுதான். 'பத்து மணிக்கு வரும்', 'ஏழு நாளில் வரும்' என்று சொன்னதெல்லாம் அந்த நேரத்தைக் கடத்தத்தான். நாங்கள் 1930-க்கு அழைத்தது செவ்வாய்க்கிழமை. நாலு நாள் அவனுக்குத் தானம் கொடுத்திருக்கிறோம்.

சரக்குக் கதை தனி. எங்களுடையது கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட். மூடின ஜீப்பில் மதியம் மூன்று வரை இருந்து, மழை பிடித்துக் குளிர்ந்து, வீட்டில் இறக்கிப் பெட்டியைத் திறந்தால் மேலே சாம்பல் பூத்தாற்போல வெள்ளை படிந்திருக்கிறது. சூட்டில் இளகிய கொழுப்பு மேலே வந்து உறைந்தது அது. தின்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு சுற்றுலாக்காரரும் வாங்க மாட்டார். திரும்ப 45 டிகிரிக்கு உருக்கி, 27-க்கு இறக்கி, 31-க்கு ஏற்றி ஊற்றலாம். பாதாம், திராட்சை போட்டவற்றை அச்சில் ஊற்ற முடியாது, கட்டிப் பலகையாக உடைத்துப் பாதி விலைக்குத்தான் தள்ள வேண்டும். இந்த நஷ்டத்தை 38,500-ல் சேர்க்கவில்லை. தலைக்கு 3,500 என்பது எங்களில் தேயிலை பறிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வாரக் கூலிக்கு மேல்.

எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதுவதாகச் சொன்னேன். இப்போது ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், ரசீதை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பூங்காவுக்குள் கடை என்றால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில், நகராட்சி இடம் என்றால் நகராட்சியில், சாலை என்றால் போலீஸ் ஸ்டேஷனிலும் நேரில் போய்க் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்காமல் பணம் வேண்டாம். ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. க்யூஆரில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தளத்துக்கு வெளியே கட்டாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930, அவன் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். யுபிஐ-யின் 12 இலக்க எண், ரசீது, பேசின பேச்சு எதையும் அழிக்காதீர்கள். தளத்தின் மேல் புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். நேற்று இரவு அதே தளத்தில் குன்னூர் பழக் கண்காட்சிக்குக் கடை என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சிம்ஸ் பூங்கா சாலை என்று தலைப்பு. நடத்துபவர் பெயர் வேறு, பச்சை முத்திரை இருக்கிறது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அதே கட்டங்கள், ஜெனரேட்டர் அதே இடத்தில், தண்ணீர்க் குழாய் அதே இடத்தில். சி-14 காலி என்று காட்டுகிறது. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள்.