குழந்தைக்கு சைக்கிள் வாங்கும்போது வயதை விடுங்கள், காலை அளந்து பாருங்கள்

பெடல் இல்லாத பேலன்ஸ் சைக்கிளில் ஆரம்பித்து, 16 இஞ்ச், இப்போது 20 இஞ்ச் என்று என் மகள் மூன்றாவது சைக்கிளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்றும் அவளுக்குப் பொருந்தின, மூன்றும் நன்றாக உழைத்தன. பெட்டியில் அச்சடித்திருந்த வயதைப் பார்க்காமல் அவள் காலை அளந்து வாங்கியதுதான் இதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

குழந்தைகள் சைக்கிளைச் சக்கரத்தின் குறுக்களவை வைத்து 12, 14, 16, 20, 24 இஞ்ச் என்று பிரிக்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே 16 இஞ்ச் சக்கரம் உள்ள இரண்டு சைக்கிள்களில் ஒன்றின் சீட் தரையிலிருந்து 48 செ.மீ. வரை இறங்கும், இன்னொன்று 55-க்குக் கீழே வரவே வராது. நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த ஏழு செ.மீ. ரொம்பப் பெரிய வித்தியாசம். முதல் சைக்கிளில் கால் ஊன்றி நிற்பாள், இரண்டாவதில் தொங்குவாள். சிறு குழந்தைகள் சைக்கிளுக்கான ஐஎஸ்ஓ 8098 என்ற சர்வதேசத் தரநிலையும் சீட் உயரத்தை வைத்துத்தான் எல்லை வகுக்கிறது: சீட்டை முழுக்க ஏற்றிய நிலையில் 435 மி.மீ.-க்கு மேல், 635 மி.மீ.-க்குக் கீழ்.

அளப்பது சுலபம். ஷூ போட்ட காலோடு குழந்தையைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வையுங்கள். தடிமனான அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, மேலே இடிக்கும்வரை உயர்த்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள நீளம்தான் உள்கால் அளவு. முதல் பெடல் சைக்கிள் என்றால், சீட்டின் மிகக் குறைந்த உயரம் இந்த அளவைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும். பேலன்ஸ் சைக்கிளுக்கு இன்னும் இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதைக் காலால் உந்தித்தான் ஓட்டுகிறார்கள்; முட்டி லேசாக மடங்கியிருந்தால்தான் உந்த வரும்.

நன்றாக ஓட்டப் பழகிய பிறகு சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும். முன்பாதம் மட்டும் தரையைத் தொட்டால் போதும். பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். வாங்கிய நாளில் வைத்த உயரத்திலேயே சீட்டை விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. குழந்தை சீக்கிரம் களைத்துப் போகிறது, முட்டி வலிக்கிறது என்கிறது. உடனே சைக்கிள் சின்னதாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். நாங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சீட் உயரத்தைப் பார்த்துவிடுவோம்.

“வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா வாங்கிடுங்க.” எல்லோரும் சொல்லும் யோசனை இது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 6 செ.மீ. உயர்கிறார்கள், அதில் பாதி, அல்லது அதற்குச் சற்று மேல், காலின் வளர்ச்சி. சீட் கம்பியைப் 10 செ.மீ. ஏற்ற முடிகிற சைக்கிள் என்றால், சரியான அளவில் வாங்கினாலே இரண்டு மூன்று வருடம் தாராளமாக ஓடும். எங்கள் 16 இஞ்ச் நாலு வயதில் வந்து, ஆறு தாண்டியும் ஓடியது. கால் எட்டாத சைக்கிளோ, பயத்தில் மூலையில் நின்றுவிடும். சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குச் சீட்டை ஏற்றவே கூடாது, கம்பி வளையவோ உடையவோ வாய்ப்புண்டு. அந்தக் கோடு வரை வந்துவிட்டாலோ, திரும்பும்போது முட்டி ஹேண்டிலில் இடித்தாலோ, அப்போது மாற்றலாம்.

எடையைப் பற்றி யாருமே கேட்பதில்லை. நான்கு வயதுக் குழந்தை சுமார் 16 கிலோ இருக்கும். மட்கார்டு, ஸ்டாண்ட், சைடு வீல் எல்லாம் சேர்ந்த இரும்பு 16 இஞ்ச் சைக்கிள் 10 கிலோவைத் தொட்டுவிடுகிறது. தன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் வண்டியை ஒரு பெரியவர் ஓட்டுவாரா? குழந்தையின் எடையில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. அலுமினியத்தில் 6 கிலோ அளவில் கிடைக்கிறது. விழுந்தால் மகள் தானே தூக்கி நிறுத்திக்கொண்டு மறுபடி ஏறியதற்கு அந்தக் குறைந்த எடைதான் பெரிய காரணம்.

பிரேக்கையும் குழந்தையே பிடித்துப் பார்க்கட்டும். பல லிவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லிவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும். அப்படியும் விரல் எட்டவில்லை என்றால் அந்த சைக்கிள் வேண்டாம்.

சைடு வீல் நாங்கள் மாட்டவே இல்லை. அது வண்டியைச் சாய விடாது, ஆனால் சாய்ந்து திரும்புவதுதான் பேலன்ஸே. பேலன்ஸ் சைக்கிள் தனியாக வாங்க முடியாவிட்டால், சரியான அளவுள்ள சைக்கிளில் பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி ஓட்ட விடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும்.

இப்போது ஓடும் 20 இஞ்ச்சில் சீட்டை ஏற்ற இன்னும் நாலு விரல் அளவு இடம் இருக்கிறது. அவள் உயரத்தைப் பார்த்து, 24-க்கு மாற்றிவிடலாமே என்கிறார்கள். சீட்டை முழுக்க இறக்கிய 24-ல் ஏறி உட்கார்ந்து, இரண்டு முன்பாதமும் ஊன்றி, ஹேண்டிலை எட்டிப் பிடிக்காமல் முழங்கை மடங்கியபடி பிடிக்க வரட்டும், அப்புறம் வாங்குகிறேன்.