பூர்வீக ஊரைத் தேடி ஆறு வருஷம்: எது உதவியது, எது அலைக்கழித்தது

நாங்கள் இருப்பது காட்பாடியில். கொள்ளுத்தாத்தாவின் தம்பி பிஜிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர். அவர் வழிவந்த குடும்பம் ஒன்று, தூரத்துச் சொந்தம் மூலமாக எங்களைக் கண்டுபிடித்து, "வட ஆற்காடு ஜில்லா, புத்தூர்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியது. எங்களிடம் இருந்ததோ ஆயா அடிக்கடி சொல்லும் பேச்சு மட்டும்: "நம்ம ஊரு ஏரிக்கர புதூரு. கேஸுன்னா சித்தூருக்குத்தான் போவாங்க." எழுத்தில் வந்ததை நம்பினோம். வயதானதால் ஆயாவுக்குப் பெயர் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அந்த நினைப்பால் முதல் இரண்டு வருஷம் வீணானது.

சித்தூர் என்கிறார்கள், புத்தூர் என்கிறார்கள். இரண்டும் ஆந்திரப் பக்கம் இருக்கிற ஊர்கள்தானே? மூன்று தடவை புத்தூருக்குப் போய்வந்தோம். எங்கள் குலதெய்வத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தேடலைத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஊரைத் தேடும் முன்னால், அந்தக் காலத்தில் அது எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று பாருங்கள். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். கலெக்டர் கச்சேரியும் ஜில்லா கோர்ட்டும் அங்கே இருந்ததால், குடியாத்தத்துக்காரர்கூட வழக்குக்குச் சித்தூர்தான் போகவேண்டும். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவான பிறகுதான் வேலூர் தலைநகரானது. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் நம் பக்கம் வந்ததும் அப்போதுதான். அதனால் 1900-ஆம் வருஷத்து வாணியம்பாடிப் பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால் அது பிழையில்லை. திருத்தணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சுற்று உண்டு: சித்தூரோடு போன திருத்தணி 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது, அதுவும் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு. அப்புறம் 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஊர் நகரவே இல்லை, ஆனால் அதன் விலாசம் மட்டும் இத்தனை தடவை மாறியிருக்கிறது.

தேடல் திசை திரும்பியது நான்காவது வருஷம். பிஜிச் சொந்தக்காரரிடம் எமிக்ரேஷன் பாஸை (கப்பலேறியவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டை) முழுசாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஆள் ஏற்றத் தொடங்கியது 1903-இல். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்புவரை அதில் எழுதியிருப்பார்கள். எங்கள் பாஸில் தாலுகா குடியாத்தம் என்று தெளிவாகவே இருந்தது. முன்பு தட்டச்சு செய்து அனுப்பியவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் எடுத்தெழுதியதை மட்டும் வாங்கித் திருப்தியடையாதீர்கள், மூலத்தின் படத்தைக் கேளுங்கள். ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். புதூர், புத்தூர், புட்டூர் எது என்றாலும் அந்த எழுத்துக்குள் அடங்கிவிடும். வந்தவாசியை வாண்டிவாஷ் என்று எழுதிய காலம் அது.

சரி, குடியாத்தம் தாலுகாவில் புதூர் என்று தேடினால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புதூர். காக்ஸ் எழுதி, ஸ்டூவர்ட் திருத்திய பழைய வட ஆற்காடு மானுவல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜில்லாவின் அன்றைய அமைப்பைப் புரிந்துகொள்ள அருமையான நூல், ஆனால் சின்ன ஊர்கள் அதில் அகப்படாது. கிராமக் கணக்குகளில் வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் இருக்கும், அதற்குள் அடங்கிய குக்கிராமத்தின் பெயர் இருப்பது அபூர்வம். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புப் பணிக்கு முந்திய சர்வே எண்ணை இன்றைய எண்ணோடு பொருத்துவதும் லேசில்லை. ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் காட்ட ஐந்து மாதம் அலையவிட்டார்கள். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட், அதாவது நில அமைப்பு வரைபடம். குடியாத்தம் பழைய எண்முறையில் 57 எல்/13-இல் வரும். ஏரி, கரை, குன்று, வண்டிப்பாதை எல்லாம் அதில் உண்டு. 'ஏரிக்கரை' என்ற ஆயாவின் சொல்லை வைத்து, ஏரிக்கரையை ஒட்டியிருந்த புதூர்களை மட்டும் எடுத்தபோது நான்குதான் மிஞ்சின. இன்னொன்று, பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்த கிரயப் பத்திரத்தின் நாலெல்லை. "மேற்கே புதூர் வண்டிப்பாதை, வடக்கே கன்னிமார் கல்" என்று இருந்தது. எங்கள் குலதெய்வமும் ஏழு கன்னிமார்தான்.

நான்கு இடத்துக்கும் நேரில் போனேன். மூன்றாவது இடத்தில் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் புதூரைப் பற்றிக் கேட்டேன். "அது ஊரே இல்லப்பா இப்போ. தோ, அந்த மேட்டத்தான் பழைய ஊர்மேடுன்னு சொல்வோம்" என்று கைகாட்டினார். மேடு முழுக்கப் பானை ஓடு. கரையோரம் புளியமரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். எனக்குப் பேச்சு வரவில்லை.

அங்கிருந்தவர்கள் எப்போது, எதற்காகக் கிளம்பினார்கள் என்பதை இனித்தான் தேடவேண்டும். ஆயா இதைப் பார்க்க இருக்கவில்லை. டோப்போ ஷீட்டின் நகலில் அந்த மேட்டைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஆயா சொன்னபடியே 'ஏரிக்கர புதூரு' என்று எழுதி, போன மாதம் பிஜிக்கு அனுப்பிவைத்தேன்.