வெந்நீர் வாளியா, ஆட்டுச் சூப்பா, லேகியமா? தென்சீனக் குளிருக்கு எது சரி

சீனக் குளிர் என்றதும் ஹார்பின் நகரத்துப் பனிச்சிற்பங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஹார்பினில் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் டி-ஷர்ட்டோடு உட்காரலாம். வீட்டுக்குள்ளேயே நடுங்குகிறவர்கள் தெற்கே இருப்பவர்கள்தான். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே மட்டும் 1950களிலிருந்து அரசு வெப்பக்குழாய் கொடுத்து வருகிறது. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குழாய் சூடாக இருக்கும். கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஹாங்சோ, ஷாங்காய், நான்ஜிங் நகரங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு அது கிடையாது. ஜனவரியில் வெளியே ஐந்து டிகிரி என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதேதான். அதோடு ஈரம் வேறு. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது.

ஹாங்சோவில் மூன்று குளிர்காலம் இருந்தேன். முதல் வருடம் கம்பளிச் சட்டை, ஹீட்டர் என்று செலவழித்தும் கால் மட்டும் சூடாகவே இல்லை. அப்புறம்தான் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அவர்களிடம் வழிகளுக்குப் பஞ்சமில்லை: கால்களை வெந்நீரில் ஊறவைப்பது, மூலிகை போட்ட ஆட்டுச் சூப், குளிர்கால லேகியம், மாசிபத்திரி போன்றதொரு இலையைச் சுருட்டிப் புகைய வைத்து ஒத்தடம், முதுகில் கடுகுப் பற்று. எல்லாமே சீன மரபு மருத்துவம்தான். ஆனாலும் ஒன்றுக்கொன்று போட்டிதான், ஏனென்றால் பணமும் நேரமும் பொறுமையும் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். குளிர்காலம் மூடி வைக்கிற, சேமிக்கிற காலம் என்கிறது பழைய மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங். சீக்கிரம் படு, தாமதமாக எழு, வெயில் வரும்வரை காத்திரு, குளிரைவிட்டு வெதுவெதுப்பின் பக்கம் போ. இந்தப் பருவத்துக்கு உரிய உறுப்பு சிறுநீரகம் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. உடம்பு சூடு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் பேசுவதுபோல அவர்களும் யாங் (சூட்டுத் தன்மை) குறைவு, யின் (குளிர்ச்சித் தன்மை) குறைவு என்று பேசுகிறார்கள். சூடு ஏறி வாய்ப்புண் வந்தால் அதற்கு ஷாங்ஹுவோ, ‘தீ ஏறிவிட்டது’ என்று பெயர்.

முதலில் ஆட்டுச் சூப். தாங்குயி வேர், இஞ்சி, ஆட்டிறைச்சி இந்த மூன்று மட்டும்தான். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதி வைத்த செய்முறை இது. தாங்குயி 3 லியாங், இஞ்சி 5 லியாங், ஆட்டிறைச்சி 1 ஜின் (இரண்டும் பழைய சீன எடை அளவுகள்), 8 பங்கு தண்ணீர் ஊற்றி 3 பங்காக வற்றக் காய்ச்ச வேண்டும். குளிரால் வரும் வயிற்றுவலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுவலிக்கும் மருந்தாகத்தான் அவர் இதைச் சொன்னார். இன்று வீடுகளில் அரைக்கிலோ கறிக்குப் பத்துப் பதினைந்து கிராம் தாங்குயி, ஒரு பெரிய துண்டு இஞ்சி என்று குளிர்காலச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. கான்சு மாகாணத்து மின் மாவட்டத்தில் விளையும் வேருக்கு மதிப்பு அதிகம். பையைத் திறந்தாலே செலரித் தண்டு மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறும், கூடவே லேசான கசப்பு.

இதே மருத்துவர் உறைந்து புண்ணான காதுகளோடு நின்ற ஏழைகளுக்கு ஆட்டிறைச்சியும் சூடு தரும் மூலிகைகளும் சேர்த்து, மாவில் காது வடிவில் மடித்துக் கொடுத்தார், அதனால்தான் வடக்கே தோங்ஜி நாளில் கொழுக்கட்டை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கதை உண்டு. தோங்ஜி என்பது டிசம்பர் 21 அல்லது 22இல் வரும், ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள். அன்று செங்து நகரத்தில் ஆட்டுச் சூப் கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். அன்றிலிருந்து ஒன்பது ஒன்பது நாளாக எண்ணி 81 நாளில் குளிர் முடியும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சூப்பின் பலம் வேகம். ஒரு கிண்ணம் குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து நெற்றி வியர்க்கும். அதன் பலவீனமும் அதுதான். இயல்பாகவே சூட்டு உடம்புக்காரர்கள், காய்ச்சலோ தொண்டைவலியோ உள்ளவர்கள் குடித்தால் நிலைமை மோசமாகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தாங்குயியைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சைவர்களுக்கு இந்த வழி அடைப்பு. அவர்கள் இஞ்சியும் செம்பழமும் (சீன இலந்தை) போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், ஆனால் சூப்பின் வலிமை அதில் இருக்காது.

அடுத்தது லேகியம். காவ்ஃபாங் என்று பெயர். தீபாவளி லேகியம் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என்ன, அவர்கள் ஒரு நாளோடு நிறுத்துவதில்லை. தோங்ஜி தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம்வரை தினமும் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துக் குடிப்பார்கள். ‘குளிர்காலத்தில் சத்தேற்று, வசந்தத்தில் புலியை அடி’ என்று பழமொழியே உண்டு. ஷாங்காய், சூசோ, ஹாங்சோ வட்டாரத்தில் இது பெரிய வழக்கம். ஹாங்சோவில் 1874இல் தொடங்கிய ஹு சிங் யு தாங் மருந்துக்கடை இன்றும் இருக்கிறது. நவம்பர் பிறந்தால் இந்த ஊரில் லேகிய மருத்துவர்களைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும்.

இதன் சிறப்பு, ஆளுக்கு ஆள் மருந்து மாறுவது. மருத்துவர் நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், முப்பது நாற்பது மூலிகை எழுதுவார். முதலில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ‘வழி திறக்கும்’ கஷாயம் கொடுத்து வயிற்றைச் சீராக்குவார், பிறகுதான் லேகியம். மூலிகைகளை இரவெல்லாம் ஊறவைத்து, மூன்று முறை காய்ச்சி வடிகட்டி, செப்புப் பாத்திரத்தில் சுண்ட வைப்பார்கள். கிண்டும் மரத்துடுப்பைத் தூக்கினால் லேகியம் சொட்டாமல் கொடித்துணி மாதிரி தொங்க வேண்டும், அதுதான் பதம். அந்தப் பதத்துக்கு ‘கொடி தொங்குதல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பிப்பதம், முத்துப்பதம் என்று பாகு பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் இதை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். செலவு சில ஆயிரம் யுவான் வரை போகும். சர்க்கரை சேர்ப்பதால் நீரிழிவுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். முள்ளங்கியும் கடுந்தேநீரும் கூடாது. கெட்டிப்படுத்த அ-ஜியாவ் என்ற கழுதைத்தோல் பசையைப் போடுவார்கள். இந்தத் தோலுக்காக ஆப்பிரிக்காவில் கழுதைகள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் அதைத் தடுக்க முடிவெடுத்தது. அங்கே தண்ணீரும் விறகும் சுமக்கிற ஏழைப் பெண்களின் கழுதை அது. எனக்கு இது மனதை உறுத்துகிறது. அ-ஜியாவ் இல்லாமலும் லேகியம் செய்வார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீண்ட நோயிலிருந்து எழுந்தவர், ஒவ்வொரு குளிருக்கும் விடாமல் படுக்கிறவர், நல்ல மருத்துவர் கிடைத்தவர், இவர்களுக்குத்தான் லேகியம். சும்மா குளிர்கிறது என்பதற்காக அல்ல.

புகை ஒத்தடத்துக்கு ஐஜியு என்று பெயர். அக்குபங்சரோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது இதைத்தான். நம்மூர் மரிக்கொழுந்துக்கு உறவான செடியின் இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டு மாதிரி சுற்றுவார்கள். இலை எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. ‘ஏழு வருட நோய்க்கு மூன்று வருட இலை தேடு’ என்பது பழைய சீனத் தத்துவஞானி மென்சியஸ் காலத்துச் சொல். பற்றவைத்த சுருட்டைத் தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில் இருக்கும் சூசான்லி என்ற புள்ளியில் பத்து நிமிடம் பிடித்தால், சூடு எலும்புக்குள் இறங்குவது போல ஒரு சுகம் வரும். ஈரக்குளிரில் பிடித்துக்கொண்ட மூட்டுக்கு இதைப்போல இதம் வேறு எதிலும் நான் கண்டதில்லை.

ஆனால் வீட்டருகே ஒரு கடையில் இதைச் செய்துகொண்டபோது, பிடித்திருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சாம்பல் விழுந்து முழங்காலில் கொப்புளம் வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பயிற்சி உள்ள மருத்துவரிடம் மட்டும் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகையே ஆகாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

கடுகுப் பற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். வெண்கடுகுப் பொடியை இஞ்சிச் சாற்றில் குழைத்து முதுகில் ஒட்டுவார்கள். நாள்பட்ட இருமல்காரர்கள் தேடிப் போவது. தோல் சிவந்து கொப்பளிக்கும், சூட்டுக்காக இதைச் செய்துகொள்ளத் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபூசி என்ற கிழங்கைப் போட்டுக் கறி சமைக்கும் வழக்கம் தென்மேற்குச் சீனாவில் உண்டு. அது நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடாத நாபி என்ற நச்சுக்கிழங்கின் இனம். நீண்ட நேரம் கொதித்தால்தான் அதன் நஞ்சு தணியும். அவசரப்பட்டு இறக்கினால் நாக்கு மரத்து, இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகும். எவ்வளவு நல்ல சூடு என்று யார் சொன்னாலும் வீட்டில் வேண்டாம்.

கடைசியாக வெந்நீர் வாளி. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் வெல்வது இதுதான். பக்கத்து வீட்டு ஆயீ (நம்மூரில் அத்தை என்போமே, அப்படி) ஒருநாள் என் கையைத் தொட்டுப் பார்த்தார். “ஏம்மா, ஐஸ் மாதிரி இருக்கே. லேகியத்தை அப்புறம் பார்க்கலாம், முதல்ல கால ஊறவை” என்று தன் வீட்டு மரவாளியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துணிப்பையில் ஒரு பிடி காய்ந்த மாசிபத்திரி இலை, நாலு துண்டு இஞ்சி, கொஞ்சம் சிச்சுவான் மிளகு. கொதிக்கவிட்டு, ஆற வைத்து, நாற்பது டிகிரி வாக்கில் காலை விடச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் கெண்டைக்காலிலிருந்து சூடு மேலே ஏறுவது தெரிந்தது. நெற்றியோரம் லேசாக ஈரம் கசிந்ததும், “போதும், எடு. சொட்டச் சொட்ட வியர்த்தா உள்ள இருக்கிற பலமும் சேர்ந்து போயிடும்” என்றார். அன்றிரவு காலுறை போடாமல் தூங்கினேன்.

‘பணக்காரன் சத்துமருந்து தின்பான், ஏழை காலை ஊறவைப்பான்’ என்று சீனத்தில் சொல்வார்கள். உள்ளங்காலின் முன்பகுதியில் சிறுநீரக நாடி தொடங்கும் யோங்சுவான் புள்ளி இருக்கிறது, அது திறக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பாதம் சூடாகி ரத்தக்குழாய் விரிந்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்று 1999இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எழுதியதும் ஏறக்குறைய இங்கேயே வந்து சேர்கிறது. இலையும் மிளகும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வெறும் வெந்நீரிலும் முக்கால்வாசிப் பலன் கிடைத்தது.

செலவு ஒரு வாளி. நேரம் இருபது நிமிடம். ஆகாதவர்கள் சிலர் உண்டு: சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும், அதனால் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலை ஊறவைக்க வேண்டாம். நரம்பு சுருண்டவர்களும், காலில் புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்கட்டும். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

இதோடு பகலில் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் கையும் சூடாகும். கடைசி அசைவு குதிகாலைத் தூக்கி ஏழு முறை இறக்குவது. பஸ்ஸுக்கு நிற்கும்போதே செய்யலாம். வாரம் ஒருமுறை ஆட்டுச் சூப்.

வாளி வாங்குபவர்கள் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் அழகாக இருக்கும் தாழ்வான தொட்டியில் கணுக்கால்தான் நனையும், தண்ணீரும் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். கெண்டைக்காலில் பாதியாவது முங்க வேண்டும். மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி, பக்கத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஊற்றும்போது மட்டும் காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.