நோட்ஸா, மூலநூலா? அரசியல் பொருளாதாரத் தாளுக்கு ஒரு செமஸ்டர் திட்டம்

இளங்கலைக்கு அரசியல் பொருளாதாரம் நடத்த எங்கள் சேலம் கல்லூரியில் இரண்டு வழிகள்தான் பேச்சில் அடிபடும். ஐந்து யூனிட்டுக்கும் நோட்ஸ் கொடுத்து இன்டர்னல், மாடல் என்று எழுதவைப்பது ஒன்று. ஆடம் ஸ்மித், கார்ல் மார்க்ஸ் மூலநூல்களில் சில பக்கங்களைப் படிக்கவைத்து, அதையே திறந்துவைத்துக்கொண்டு தேர்வெழுதச் சொல்வது இன்னொன்று. இந்த செமஸ்டரில் நான் எடுத்தது இரண்டாவது. இனியும் அந்தக் கட்சிதான்.

நோட்ஸின் வசதி ஊரறிந்தது. போர்ஷன் முடியும், பல்கலைக்கழகத் தேர்வுக்கும் கைகொடுக்கும்.

மூலநூல் என்றதும் தலையணை அளவுப் புத்தகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஸ்மித்தின் 1776 நூலான 'நாடுகளின் செல்வ'த்தில் முதல் அத்தியாயம் சில பக்கங்கள்தான். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்யும் கதையை சேலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசுத் தொழிலில் கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். "எங்க வீட்ல சலங்கை மாட்டுறது மட்டுந்தான் சார், ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி" என்றாள் ஒரு மாணவி. மார்க்ஸின் 'மூலதன'த்தில் வரும் துண்டுக்கூலி அத்தியாயத்துக்கு அங்கிருந்து ஒரே தாண்டு.

எல்லாவற்றையும் குறைந்த உழைப்பில் தானே செய்ய முடிந்த நாட்டுக்கும் வாணிகம் லாபம்தான் என்று காட்டிய ரிக்கார்டோவை மட்டும் நோட்ஸாகவே கொடுத்துவிடுங்கள். துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆள், போர்ச்சுகலில் 90. ஒயினுக்கு 120, 80. இந்த நான்கு எண்களைப் போர்டில் எழுதினால் விஷயம் முடிந்தது. அவருடைய உரைநடைக்குள் விட்டால் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிவரும்.

எனக்கு முடிவைச் சொன்னது பேப்பர் திருத்தும் வேலைதான். 'வேலைப் பகிர்வின் நன்மை தீமைகளை விவரி' என்று கேட்டால் அடிஷனல் ஷீட் கட்டி எட்டுப் பக்கம் வரும். எல்லாவற்றிலும் அதே வரிகள். பத்துப் பேப்பர் தாண்டியதும் கண் மேயத்தான் செய்யும். கட்டின் கனத்தைப் பார்த்து மார்க் விழும். புத்தகம் திறந்த தேர்வில் ஒரே பக்கம்தான், அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். கேள்வி இப்படி: கைத்திறன் கூடுவது, நேரம் மிச்சமாவது, இயந்திரம் பிறப்பது என்று ஸ்மித் சொல்லும் மூன்று காரணங்களில் கொலுசுப் பட்டறைக்கு எது சரியாகப் பொருந்தவில்லை? அவர் வரி ஒன்றைக் காட்டி எழுது. புத்தகம் கையில் இருந்தும் இதற்குப் பார்த்து எழுத முடியாது. ஒவ்வொரு பேப்பரும் வேறு மாதிரி இருப்பதால் தூக்கமும் வராது. அடுத்த வகுப்பில் எதைப் பேச வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பளு கேள்வி தயாரிப்பில் இருக்கிறது. கேட்ட கேள்வியை அடுத்த வருஷம் திரும்பக் கேட்க முடியாது. சீனியர் பதில்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும். கொலுசுக்குப் பதில் ஜவ்வரிசி ஆலை, அப்புறம் ஏற்காடு காபித் தோட்டம் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு சாயங்காலம் போகிறது. திருத்துவதில் மிச்சமாகும் நேரத்தோடு பார்த்தால் எனக்குக் கட்டுபடியாகிறது.

என் வகுப்பு ஐம்பது பேருக்குள். அதைவிடப் பெரிய வகுப்பில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. தமிழ்வழி மாணவர்களுக்கு மார்க்ஸ், தியாகுவின் மொழிபெயர்ப்பில் இருக்கிறார். ஸ்மித்தின் பக்கங்களை நானே தமிழாக்கி ஜெராக்ஸ் கொடுத்தேன்.

மாடல் தேர்வை மட்டும் பழையபடி, மூன்று மணி நேரம், புத்தகத்தை மூடிவைத்தே நடத்துங்கள். பல்கலைக்கழகத் தேர்வு அப்படித்தான்; 75 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.