கணக்கியல் தேர்வுக்கு: விடையைப் படிப்பதா, மூடிவைத்துப் போடுவதா?

தீர்த்த கணக்குகளை வாசிப்பது வேகம். புதுப் பாடத்தின் முதல் இரண்டு கணக்குகளுக்கு அதுவே போதும். படிவ அமைப்பு பிடிபடும். அதற்குமேல் வாசித்தால் சரிக்கட்டுப் பதிவுகள் (ஆண்டு முடிவில் கணக்கைச் சரிசெய்யும் பதிவுகள்) எல்லாமே புரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் வரும். தேர்வறையில் கை ஓடாது.

மூடிவைத்துப் போட்டால் ஒரே கணக்கு முக்கால் மணி நேரத்தை விழுங்கலாம். ஆனால் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ஒட்டாமல் முரண்டு பிடிக்கும்போதுதான் பாடம் மண்டையில் ஏறும். வித்தியாசம் 54 வந்தால், 9-ஆல் வகுபடுகிறதே, 693-ஐ 639 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். 700 வந்தால் அதில் பாதியான 350-ஐத் தேடுங்கள்; பற்றில் போகவேண்டியது வரவில் உட்கார்ந்திருக்கும். முன்கூட்டிச் செலுத்திய வாடகையைச் செலவில் கழித்துவிட்டு, இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட மறப்பது இன்னொரு வாடிக்கை. பதினைந்து நிமிடம் திணறியும் வராவிட்டால் விடையைத் திறக்கலாம், அந்த ஒரு வரிக்கு மட்டும்.