எங்கள் தங்கத்துக்கு பெல்லட் பழக்கிய ஏழு வாரம்

எங்கள் தங்கம் ஒரு காக்டெய்ல், கொண்டை வைத்த சின்னக் கிளி. அதற்கு நாலு வயது. வந்த நாளிலிருந்து தினையும் சூரியகாந்தி விதையும்தான் சாப்பாடு. அதிலும் சூரியகாந்தியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைக் கூண்டுக்கு வெளியே தள்ளிவிடும். இறகு பொலிவு குறைந்து மூக்கோரம் ஈரமாகவே இருக்க, காரைக்குடியிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதவில்லை, பெல்லட் என்கிற உருண்டைத் தீவனத்துக்கு மாற்றுங்கள் என்றார் மருத்துவர்.

முதலில் ஒரு கடையில் பாலிதீன் கவரில் சில்லறையாகக் கட்டி விற்றதை வாங்கினேன். பிரித்ததுமே காறல் வாடை. தேதியும் இல்லை. அப்படியே குப்பைக்குப் போனது. தயவுசெய்து முத்திரை பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள். அப்புறம் வரவழைத்தது ஜூப்ரீம் நேச்சுரல் என்ற பெல்லட், காக்டெய்லுக்கான நடுத்தர (M) அளவு. சாயம் சேர்க்காதது, பழுப்பு நிறம். தானியமும் சத்துகளும் ஒன்றாக அரைத்துச் செய்த உருண்டை என்பதால் பிடித்ததை மட்டும் பொறுக்க வழியில்லை. இதன் பெரிய பலமே அதுதான்.

“மண்ணாங்கட்டி மாதிரி இருக்கு, இதையா அந்த வாயில்லா ஜீவனுக்குப் போடுறே?” என்றார் அப்பத்தா. தங்கமும் நாலு நாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பசித்தால் தானே தின்னும் என்று விதையை நிறுத்திவிடாதீர்கள். சின்னப் பறவை, பட்டினி தாங்காது. காலையில் பெல்லட், சாயங்காலம் வழக்கமான விதை என்று வைத்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் சமையலறைத் தராசில் நிறுத்தி எழுதி வைத்தேன். ஆரம்பத்தில் 92 கிராம். 83-க்குக் கீழே போனால் விதைக்குத் திரும்பிவிட்டு உடனே கூப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாம் வாரம் 86 வரை இறங்கியபோது எனக்குத் தூக்கமே இல்லை. எச்சம் வழக்கம்போல விழுகிறதா என்று கூண்டுத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியது அப்பத்தாவின் முறம். ஆஸ்திரேலியாவில் காக்டெய்ல் தரையில் புல் விதை பொறுக்கும் பறவை. கிண்ணத்தில் வைத்ததைத் தொடாத தங்கம், வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், அப்பத்தா அரிசி புடைக்க உட்கார்ந்தால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கிட்டே நடந்துவரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலி முறத்தில் பத்து உருண்டையை உடைத்துப் போட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்து விரல் நுனியால் கொத்துவதுபோல் தட்டினேன். அது ஒன்றை எடுத்தது, போட்டது, மறுபடி எடுத்து அலகில் உருட்டியது. பொடி மட்டும் உதிர்ந்தது. மூன்றாம் நாள்தான் ‘கறுக்’ என்று கடித்து விழுங்கிய சத்தம் கேட்டது. “தின்னுருச்சு!” என்று முதலில் கூவியது அப்பத்தாதான்.

இப்போது ஏழாவது வாரம். முக்கால்வாசி பெல்லட், கூட முருங்கைக்கீரை, துருவிய கேரட். விதை கையில் வைத்துக் கொடுக்கும் பண்டம் மட்டும்தான். தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறது, எச்சமும் பழுப்பாகப் பெரிதாக விழுகிறது. அது பெல்லட்டால்தான், பயப்பட வேண்டாம். தனியாக வைட்டமின் சொட்டு கொடுப்பதை மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

விலை தினையைவிடப் பல மடங்கு, மறைக்கவில்லை. இந்த வெயிலுக்கு இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். பச்சைக்கிளிக்கும் இதைக் கொடுக்கலாமா என்று தெருவில் இருவர் கேட்டார்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்றேன்.

மூக்கோர ஈரம் காய்ந்துவிட்டது. இன்று காலை எடை 91 கிராம். அடுத்த பாக்கெட்டுக்கும் சொல்லிவிட்டேன்.